ஊரடங்கும் கீரைக் கணக்கும்

முத்தியால்பேட்டையில் குடியிருந்துகொண்டு காய் வாங்குவதற்குப் பெரிய மார்க்கெட் வரை போகிறவன் என்று என்னைக் கேலி செய்யாத நண்பர்கள் குறைவு. நம் பேட்டையிலேயே மணிக்கூண்டு பக்கம் மார்க்கெட் இருக்கிறது. இருந்தாலும் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து அலுவலகம் விட்டு வரும்போது நேரு வீதியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெரிய மார்க்கெட்டில் நுழைந்து வருவது பழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு மாலை நேரம் காலை நேரமாக மாறியது, அவ்வளவுதான். இப்போதும் குபேர் அங்காடி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பெரிய மார்க்கெட்தான். எந்தக் கடையில் கத்தரிக்காயை நாமே பொறுக்கலாம், எந்தக் கடையில் கை வைத்தால் அந்த அம்மாள் முறைப்பார் என்பதெல்லாம் எனக்குப் பாடம். வாழைப்பூ வாங்கினால் என்னிடம் மட்டும் ஒரு கறிவேப்பிலைக் கொத்து கூடுதலாகக் கொடுக்கிற ஒரு பெரியவரும் உண்டு.

2020 மார்ச் மாதம் இதெல்லாம் ஒரே வாரத்தில் நின்றது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் மாநிலத்தில் முதல் தொற்று மாஹேயில்தான் வந்தது. 'மாஹேதானே, அது கேரளா பக்கம்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. மாலை 5 மணிக்கு எங்கள் தெருவிலும் தட்டு தட்டினார்கள். ஒரு வீட்டுக் குழந்தை சில்வர் தட்டை நெளித்துவிட்டு அடி வாங்கியது. 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து 21 நாள் என்றார். பேச்சு முடியும் முன்னே எங்கள் தெரு முனை மளிகைக் கடை வாசலில் ஐம்பது பேர் நின்றதாக எதிர் வீட்டுப் பையன் வந்து சொன்னான்.

எனக்கு அப்போது 73 வயது. மனைவிக்கு 68, இருபது வருடமாகச் சர்க்கரை. பெங்களூரில் இருக்கும் மகன் அன்றிரவே போன் செய்து, "அப்பா, வாசற்படியைத் தாண்டக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றான். நான் சத்தியம் செய்யவில்லை. 'சரி, பார்க்கலாம்' என்றேன். 39 வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு 'பார்க்கலாம்' என்ற சொல்லின் பயன் தெரியும்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கைகால் எல்லாம் எதிர் வீட்டுப் பையன்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பு மடிக்கணினியோடு வந்து சேர்ந்தவன். காலையில் எங்கள் வாசலில் ஆறடி தள்ளி நின்று, "தாத்தா, இன்னைக்கு என்ன?" என்று கேட்பான். நான் சொல்வேன், அவன் கைபேசியில் குறித்துக்கொள்வான். பெரிய மார்க்கெட்டை மூடி, காய்கறிக் கடைகளைப் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு நாள் படம் எடுத்து வந்து காட்டினான். பேருந்து ஒன்றும் இல்லை. பயணிகள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னும் இடத்தில் கோணி விரித்துக் கத்தரிக்காய், முள்ளங்கி, சுரைக்காய். தரையில் சுண்ணாம்பால் வட்டம், வட்டத்துக்கு ஒரு ஆள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கறிவேப்பிலைக் கொத்துப் பெரியவர் இருக்கிறாரா என்று தேடினேன். தெரியவில்லை. எல்லோர் முகத்திலும் துணி.

பையன் நல்லவன்தான், ஆனால் காய் வாங்கத் தெரியாது. முதல் நாள் வாங்கி வந்த வெண்டைக்காயின் நுனியை என் மனைவி ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை, வளைந்தது. அவன் மனம் நோகக்கூடாது என்று 'பரவாயில்லப்பா, குழம்புக்கு ஆகும்' என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, "இத கயிறாத்தான் திரிக்கணும்" என்றாள். பிறகு அவனுக்கு வாசலிலிருந்தே பாடம் நடந்தது. முருங்கைக்காயை முறுக்கிப் பார், சுரைக்காயில் நகம் பதியணும், தேங்காயைக் காதருகே ஆட்டு. மூன்றாவது வாரத்தில் தேறிவிட்டான். இப்போது கல்யாணம் ஆகி வெளியூரில் இருக்கிறான். மனைவிக்கு இந்த வித்தை பயன்படுமோ என்னவோ, அவனுக்குப் பயன்படும்.

வாங்கி வந்ததை வீட்டுக்குள் சேர்ப்பது தனிச் சடங்கு. காய்கறிக்கு மஞ்சள் உப்புத் தண்ணீர். பான்லே பால் பாக்கெட்டுக்குச் சோப்புத் தண்ணீர். ரூபாய் நோட்டு மாடியில் வெயிலில், மேலே ஒரு கல். சில்லறைக் காசு டெட்டால் கிண்ணத்தில். செய்தித்தாளை நிறுத்தச் சொன்னாள் மனைவி. நான் மறுத்தேன். கடைசியில் காலைப் பேப்பரை வெயிலில் காயவைத்து மாலையில் படிப்பது என்று உடன்பாடு ஆயிற்று. மாலையில் படிக்கும்போது அதில் இருந்த எண்ணிக்கையெல்லாம் தொலைக்காட்சியில் பழசாகியிருக்கும். கைகழுவும் திரவம் 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விலை வைத்திருந்தது. விலை இருந்தது, சரக்கு கடையில் இல்லை. நாங்கள் சோப்போடு நிறுத்திக்கொண்டோம்.

உண்மையில் பயந்தது இன்சுலினுக்குத்தான். 24-ஆம் தேதி இரவு குளிர்பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது ஒன்பது நாளைக்கு இருந்தது. அரிசி, பருப்பு இல்லாவிட்டால் கஞ்சி குடிக்கலாம், இதற்கு மாற்று ஏது? வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையில் 'லாரி வரல, நாளைக்குப் பாருங்க' என்று மூன்று நாள் சொன்னார்கள். மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டாள் என்பதை நான் கவனித்தேன். அளவைக் குறைத்துப் போட்டால் நாள் கூடும் என்று அவள் மனக்கணக்கு. அந்த வேலை வேண்டாம் என்று சண்டை போட்டேன். பையன் இரண்டு சக்கர வண்டியில் நான்கு கடை ஏறி இறங்கி, ஏப்ரல் 1-ஆம் தேதி கொண்டுவந்து கொடுத்தான். பிளாஸ்டிக் டப்பாவில் பனிக்கட்டி போட்டு, மேலே துணி சுற்றி. முட்டாள்கள் தினம் என்று விளையாடுகிறானோ என்று ஒரு நிமிடம் நம்பவில்லை.

மளிகைக்கு அண்ணாச்சி. முப்பது வருடமாக அவர் கடைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பையனாக வந்து, கல்லாவில் உட்கார்ந்தவர். கடைக்கு வரவேண்டாம், சாமான் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கட்டி வைக்கிறேன் என்றார். நானும் கோடு போட்ட தாளில் அழகாக எழுதினேன். துவரம் பருப்பு 1 கிலோ, உளுந்து 1 கிலோ, ரவை 1 கிலோ, சர்க்கரை (எனக்கு மட்டும்) அரை கிலோ. அரை மணி நேரத்தில் அண்ணாச்சியே போன் செய்தார். குரலில் வருத்தம்.

"ஐயா, வீட்ல ரெண்டு பேருதான? ஏழு கிலோ துவரம் பருப்பு எதுக்கு? உளுந்து ஏழு, ரவை ஏழு. எல்லாருக்கும் ஒரு கிலோதான் குடுக்கேன். நீங்களே இப்படிப் பதுக்குனா எப்படி?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. விஷயம் என்னவென்றால், நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே 1 என்ற எண்ணுக்குக் கீழிருந்து மேலே ஏறும் கோடு ஒன்று நீளமாக வரவேண்டும், பிறகுதான் நேர்கோடு. 7 என்றால் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு கட்டாயம். அந்தக் கோடு இல்லாவிட்டால் எங்கள் மிஸ்ஸியே அதை எண்ணாகவே ஏற்கமாட்டார். திக்தே என்று சொல்லும் கேட்டெழுதலில் ஒரு எழுத்துக்கு மேல் கொம்பு விட்டால்கூட மதிப்பெண் போகும். அந்தக் கையெழுத்து எழுபது வயதிலும் மாறுமா? கடைப் பையன் தூத்துக்குடியில் படித்தவன். என் 1 அவனுக்கு 7. அவன் கண்ணால் பார்த்தால் அவன் சரி, என் கண்ணால் பார்த்தால் நான் சரி. அண்ணாச்சிக்கு இதை விளக்கப் பத்து நிமிடம் ஆனது.

வேலையில் சேர்ந்த புதிதிலும் இதே கூத்து நடந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு மேலதிகாரி, நான் கூட்டிய தொகை தப்பு என்று பேரேட்டைத் திருப்பி அனுப்பினார். நான் மறுபடியும் கூட்டி, சரிதான் என்று அனுப்பினேன். மூன்று முறை போய் வந்தது. பிறகு நேரில் கூப்பிட்டு, "இது ஒன்றா, ஏழா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு 1, வீட்டுக்கு ஒரு 1 என்று வைத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்குப் போனது வீட்டு 1. அதற்குப் பிறகு காசோலையில் எழுதுவதுபோல 'ஒரு கிலோ மட்டும்' என்று எழுத்தால் எழுதி அனுப்பினேன். கடைப் பையன் அந்தத் தாளை ஒட்டி வைத்திருந்தானாம்.

ஆனால் அண்ணாச்சியின் அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அந்த நாட்களில் அவர் கடையில் ரவை தீர்ந்தது, பிஸ்கட் தீர்ந்தது, தீப்பெட்டி ஒரு வாரம் இல்லை. துவரம் பருப்பு விலை ஏறியது. இருந்தாலும் வந்தவருக்கெல்லாம் ஒரு கிலோ என்ற கட்டுப்பாட்டைக் கடைசி வரை விடவில்லை. காரில் வந்து மூட்டையாகக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். அதே வாரம் ஒரு பெரிய கடையில் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக ஏற்றிக்கொண்டு போனதைப் பையன் பார்த்து வந்து சொன்னான். 1965-ல் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது திங்கட்கிழமை இரவு சாப்பாட்டை விடச் சொன்னார். எனக்கு அப்போது 18 வயது, பசிக்கிற வயது. அப்பா விடாமல் கடைப்பிடித்தார். ஒரு வேளை விட்டால் யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டதற்கு, 'நாம் எடுக்காதது அங்கேயே இருக்கும்' என்றார்.

எங்கள் தெருவின் பெரிய கஷ்டம் மூக்குப்பொடி. சிரிக்காதீர்கள். நான்கு வீடு தள்ளி ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, அறுபது வருடப் பழக்கம். டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி இல்லாமல் விடியாது. புகையிலைக் கடை எல்லாம் மூடிக்கிடந்தது. மட்டையில் ஒட்டியிருந்த கடைசிப் பொடியையும் தட்டித் தட்டி எடுத்தபிறகு, காப்பித்தூளை மூக்கில் போட்டுப் பார்த்தாராம். அந்த நேரத்தில் தும்மினால் தெருவே ஜன்னலைச் சாத்தும். அவர் வீட்டுக்காரம்மாளுக்குத்தான் நிம்மதி.

பாரீசுக்குப் பக்கத்தில் சார்செல் ஊரில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். சித்தப்பா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போனவர். 1962-க்குப் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். அங்கே நமக்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 17-ஆம் தேதி, கதவைச் சாத்தியாயிற்று. "அண்ணே, வெங்காயம் வாங்கப் போறதுக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கு" என்றான். உண்மைதான். பெயர், பிறந்த தேதி, முகவரி, என்ன காரணத்துக்காக வெளியே போகிறேன் என்ற உறுதிமொழி, தேதி, கையெழுத்து. அச்சிட்ட தாள் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் கையால் முழுவதும் எழுதிக்கொள்ளலாம். தாள் இல்லாமல் பிடிபட்டால் 135 யூரோ அபராதம், நம் பணத்தில் அன்றைக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய். 'ரொட்டி வாங்க ஒரு தாள், மருந்துக்கு ஒரு தாள், நாயை நடத்திக்கொண்டு போக ஒரு தாள்' என்று அவன் அலுத்துக்கொண்டபோது எனக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்து, வாசகத்தைப் படித்துக்காட்டச் சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது. மனுவை யார் மனதாரப் படித்தார்களோ தெரியாது, நான் படித்தேன். அவன் அடுக்குமாடியில் மட்டும் ஏப்ரல் நடுவதற்குள் மூன்று வயதானவர்கள் போய்விட்டார்கள். அதைச் சொன்ன நாளிலிருந்து நாங்கள் அந்தத் தாளைப் பற்றிச் சிரிக்கவில்லை.

இப்போது கீரைக்காரம்மா.

பதினெட்டு வருடமாக எங்கள் வாசலுக்கு வருகிறவர். சின்ன முதலியார்சாவடிப் பக்கத்திலிருந்து கோட்டக்குப்பம் வழியாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவார். காலை ஏழரைக்கு 'கீரேய்' என்று ஒரு குரல். கூடையை இறக்க ஒரு கை கொடுக்க வேண்டும். கட்டு 10 ரூபாய். காசு அன்றன்றைக்கு வாங்கமாட்டார், மாதக் கடைசியில் மொத்தமாக. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கட்டுக்கு ஒரு கோடு என்று எங்கள் கதவு நிலையில் உள்பக்கமாகச் சுண்ணாம்புக் கட்டியால் என் மனைவி கோடு போடுவாள். அவர் தன் கணக்கை மனதில் வைத்திருப்பார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

24-ஆம் தேதி காலையில் வந்தவர் 25-ஆம் தேதி வரவில்லை. பிறகு வரவே முடியவில்லை. முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவே ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பது நமக்கெல்லாம் பிராந்திக் கடையைப் பார்த்தால் மட்டும்தான் ஞாபகம் வரும். ஒரு தெருவில் இந்தப் பக்கம் வீடு புதுச்சேரி, அந்தப் பக்கம் வீடு தமிழ்நாடு. பெண் கொடுத்து, பெண் எடுத்து, பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் கடைக்கும் போய்வந்து, அது எல்லை என்றே யாருக்கும் தோன்றாது. அங்கே சவுக்குக் கட்டையும் தகரமும் வைத்து அடைத்தார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு அம்மா சொன்ன கதைதான் ஞாபகம் வந்தது. நம் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தபோது, இந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தம் 1949-ல் முடிந்தது. அதன்பிறகு எல்லையில் இந்தியச் சுங்கக்காரர்கள் கூடையைக் கொட்டிச் சோதனை போடுவார்கள். 1954-ல் கெடுபிடி உச்சத்துக்குப் போனது. கோட்டக்குப்பத்தில் இருந்த என் சின்னம்மாவுக்குப் பிரசவம். அம்மா பார்க்கப் போகும்போது கையில் இருந்த மருந்துக் கஷாயச் சாமானைக்கூடப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததாம். அந்த ஆண்டு அக்டோபரில் கீழூரில் ஓட்டெடுப்பு, நவம்பர் 1-ல் கொடி மாறியது, எல்லையும் போயிற்று. எனக்கு ஏழு வயது. அந்த இடத்தில் மறுபடியும் ஒரு அடைப்பைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

கதவு நிலையில் 31 கோடு இருந்தது. 310 ரூபாய். நமக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் கூடை தூக்கினால்தான் உலை என்று இருப்பவருக்கு, வியாபாரமும் நின்று, வரவேண்டிய பாக்கியும் நின்றால்? எங்களைப் போல எத்தனை வாசலில் எத்தனை கோடு இருக்குமோ. என் மனைவி தினமும் காலை ஏழரைக்கு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். 'கோடு கண்ணை உறுத்துது' என்றாள்.

பழைய தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு எண் எழுதி வைத்திருந்தாள். எப்போதோ அந்த அம்மாவின் மருமகன் வெள்ளையடிக்கும் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தது. போட்டுப் பார்த்தோம். நான்காவது நாள் எடுத்தார். அவர் வேலைக்குப் போன இடத்திலேயே, செங்கல்பட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மூலமாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண் கிடைத்து, அவர் கைபேசியில் கீரைக்காரம்மா வந்தார். பதினெட்டு வருடத்தில் போனில் அவர் குரலைக் கேட்டது அன்றுதான். போனைக் கையில் வைத்திருந்தும் தெருவில் கூவுவதுபோலவே பேசினார்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? ஐயா நல்லா இருக்காரா? ஊசி போட்டுக்கிறீங்களா?"

பணத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. சித்திரை வருஷப் பிறப்பு வருகிறது, காசு எப்படியாவது கொடுக்கிறோம் என்று மனைவிதான் சொன்னாள். எல்லை அடைப்புக்கு அந்தப் பக்கம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நிற்பதாகச் சொன்னார். எதிர் வீட்டுப் பையனை அனுப்பலாம் என்றாள் மனைவி. அவனுக்கு அந்த அம்மாவை அடையாளம் தெரியாது, முகத்தில் துணி வேறு. நான் போகிறேன் என்றேன். மகனுக்குச் செய்த சத்தியம் இல்லாத சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள். நான்தான் சத்தியமே செய்யவில்லையே.

ஏப்ரல் 11, சனிக்கிழமை. பதினெட்டு நாளுக்குப் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். வேட்டிக்குப் பதில் பேன்ட், அடையாள அட்டை, ஓய்வூதியப் புத்தகம், முகத்துக்கு மனைவி பழைய ஜாக்கெட் துணியில் தைத்த உறை. சோலை நகர்ப் பக்கம் போனால், தெரிந்த தெருவே புதிதாக இருந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலை, மஞ்சள் தண்ணீர். தெரு முழுக்க ஒரு நாய் மட்டும், அதுவும் நடுவில் படுத்திருந்தது.

அடைப்பின் இந்தப் பக்கம் நம் சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர். இருவரும் கட்டைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தொப்பி எழுந்து வந்தார்.

"எங்க பெரியவரே? வயசானவங்க வெளிய வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"கடன் கொடுக்க வந்தேன் தம்பி."

"கடன் வாங்க வர்றவங்களத்தான் பாத்திருக்கேன்" என்று அந்தப் பக்கத்துக் காவலரைப் பார்த்துச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை ரூபாய் என்று கேட்டார். 310 என்றதும் ஒன்றும் பேசாமல் நகர்ந்து கொடுத்தார்.

கீரைக்காரம்மா அந்தப் பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தார். இளைத்திருந்தார். கையில் முருங்கைக்கீரை இரண்டு கொத்து. எழுந்து கிட்ட வரப் பார்த்தவரைத் தமிழ்நாட்டுக் காவலர் அங்கேயே நிறுத்தினார். கட்டைக்கு ஐந்தடி இந்தப் பக்கம் நான், ஐந்தடி அந்தப் பக்கம் அவர்.

"முன்னூத்திப் பத்து" என்றேன்.

"முன்னூறுங்கய்யா. மூணாம் தேதி சிறுகீரை ஒரு கட்டு அழுவலா இருக்குன்னு அம்மா திருப்பிக் குடுத்தாங்க. கோட்ட அழிக்க மறந்திருப்பாங்க."

நான் உறையில் 500 ரூபாய் நோட்டாக வைத்திருந்தேன். சில்லறை இல்லை என்பதல்ல, வேண்டுமென்றேதான். "மீதியை வச்சுக்கம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கியது, துணிக்கு மேலே கண்ணில் தெரிந்தது. "அதெல்லாம் வேணாங்கய்யா. மாத்திக் குடுங்க" என்றார். அங்கே எங்கே மாற்றுவது? காவலர்களிடமும் சில்லறை இல்லை. எனக்குச் சட்டென்று அலுவலக மொழி கைகொடுத்தது. "இது சும்மா இல்லம்மா, முன்பணம். நீ வரும்போது கீரையா கொடு. இருபது கட்டு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். விரலில் எண்ணினார். "அப்ப சரி" என்றார்.

உறையைக் கட்டை மேல் வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். அவர் முந்தானை நுனியால் எடுத்துக்கொண்டார். முருங்கைக்கீரையைக் கட்டை மேல் வைத்தார். "இது கணக்குல சேராது. எங்க வீட்டு மரம், அம்மாவுக்கு" என்றார். வேற்று மாநிலத்துச் சரக்கு என்று நான் தயங்கியபோது, சிவப்புத் தொப்பிக் காவலர் தடியின் நுனியில் கொத்தை மாட்டித் தூக்கி என் பைக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்து, துணியை ஊறவைத்து, மனைவியிடம் 300 கணக்கைச் சொன்னேன். அவள் நிலைக்குப் போய் யோசித்துப் பார்த்து, ஒரு கோட்டை அழித்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நிலையின் மறுபக்கம் 'வரவு 20' என்று எழுதி வைத்தாள். அன்று இரவு மகன் போனில் 'வெளியே போனீங்களா?' என்று கேட்டான். 'கீரை வாங்கினோம்' என்று மட்டும் அவள் சொன்னாள்.

21 நாள் மே 3 ஆயிற்று, பிறகு மே 17, பிறகும் நீண்டது. கோயம்பேட்டில் தொற்று பரவி மே முதல் வாரம் அந்தச் சந்தையையே மூடினார்கள். அங்கிருந்து கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் வந்த செய்தியைக் கேட்டு எங்களுக்குக் காய்கறியைத் தொடவே கை கூசியது. எல்லை ஒரு நாள் திறப்பதும் மறுநாள் அடைப்பதுமாக மாதங்கள் போயின.

கீரைக்காரம்மா திரும்பி வந்தது செப்டம்பர் நடுவில். 'கீரேய்' என்ற குரல் கேட்டு என் மனைவி அடுப்பை அணைக்காமலே ஓடினாள். கூடை சிறியதாகியிருந்தது. முழுக் கூடை தூக்க முதுகு இடம் கொடுக்கவில்லை என்றார். மருமகன் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். பாக்கி வைத்த வாசல்களில் சில கொடுத்தன, இரண்டு வீட்டில் பெரியவர்களே இல்லை, கேட்க மனம் வரவில்லை என்றார். அரைக்கீரை ஒரு கட்டு எடுத்து வைத்தார்.

கட்டு 15 ரூபாய் ஆகியிருந்தது. அப்படியானால் 200 ரூபாய்க்குப் பதின்மூன்று கட்டுதானே என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். கீரைக்காரம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"அன்னைக்குக் குடுத்த காசு, அன்னைக்கு வெலைதாம்மா. இருபதுன்னு ஐயா சொன்னாரு, நானும் சரின்னேன்."

அனுமதி கொடுத்த நாள் விலையா, பட்டியல் வந்த நாள் விலையா என்பதற்காக ஒரு கோப்பு மூன்று வருடம் மேசை மேசையாக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பில் நானே இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். இந்த அம்மா கூடையை இறக்கிய நிலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

'வரவு 20' என்பதற்குக் கீழே ஒவ்வொரு கோடாக ஏறியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தார். தீபாவளிக்கு முன்பு இருபதும் முடிந்தது. அதற்கடுத்த முறை வந்தபோது கூடையை இறக்கக் கை கொடுத்த என் மனைவியிடம், "இன்னைலேருந்து பதினஞ்சும்மா" என்றார்.